கேள்வி எண் 23: பழைய புகையும் அரசின் இரகசியமும்

அமெரிக்க அரசின் இரகசியக் கோப்புகளைக் கையாளும் பணிக்குச் செல்பவர் பல ஆண்டுகளாக நிரப்பி வந்திருக்கும் படிவத்தின் பெயர் எஸ்.எஃப். 86. நூறு பக்கங்களைத் தாண்டும் அப்படிவம், குடியிருந்த வீடுகள், படித்த பள்ளிகள், அயல்நாட்டு நண்பர்கள், அடைபடாத கடன், மணமுறிவு என ஒரு மனிதரின் வாழ்வை அறை அறையாகத் திறந்து பார்க்கிறது. அதன் 23ஆம் பகுதி போதைப்பொருள் பற்றியது. கடந்த ஏழு ஆண்டுகளில் சட்டத்துக்குப் புறம்பாகப் போதைப்பொருள் பயன்படுத்தியதுண்டா என்று அது கேட்கிறது. பாதுகாப்பு அனுமதி கையில் இருந்த காலத்தில் பயன்படுத்தியதுண்டா என்னும் அடுத்த கேள்விக்கு ஆண்டு வரம்பே கிடையாது.

அப்பகுதியின் தொடக்கத்தில் ஓர் உறுதிமொழி அச்சாகியிருக்கிறது. இங்கே உண்மையாகத் தரப்படும் விடை, விண்ணப்பித்தவருக்கு எதிரான குற்ற வழக்கில் சான்றாகப் பயன்படுத்தப்படாது என்பது அது. அந்த விடையால் வேலை பறிபோகாது என்னும் உறுதிமொழி எங்கும் இல்லை. பொய் சொன்னாலோ, கூட்டாட்சிச் சட்டப்படி ஐந்து ஆண்டு வரை சிறை. உண்மை சொன்னால் வேலை போகலாம், பொய் சொன்னால் சிறை செல்லலாம் என்ற இந்த இடுக்கில் நின்று விடை எழுதியவர்களின் வரலாறு எழுபது ஆண்டுகளுக்கும் மேலானது.

1953: ஒரே மாதத்தின் இரு கையொப்பங்கள்

இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1947 மார்ச்சில், அதிபர் ட்ரூமன் பிறப்பித்த 9835ஆம் ஆணை, அரசு ஊழியரின் விசுவாசத்தைச் சோதித்தது. ஊழியர் கம்யூனிஸ்டா, அந்நிய அரசுக்கு உழைப்பவரா என்பதே அன்றைய கவலை. 1953 ஏப்ரல் 27 அன்று ஐசனாவர் பிறப்பித்த 10450ஆம் ஆணை அந்த வட்டத்தைப் பெரிதாக்கியது. நாட்டிடம் விசுவாசமாக இருந்தால் மட்டும் போதாது. நடத்தையும் நம்பத்தக்கதாக இருக்க வேண்டும். குற்றச் செயல், ஒழுக்கக்கேடு, மிதமிஞ்சிய குடி, போதை அடிமைத்தனம், அக்காலம் 'பாலியல் பிறழ்வு' என்று அழைத்தது ஆகியவை ஒரே வரியில் அடுத்தடுத்து நிறுத்தப்பட்டன. கடந்த காலப் போதைப் பழக்கம் பாதுகாப்புக் கோப்புக்குள் நுழைந்த வாசல் அந்த வரிதான்.

அந்த வரிக்குப் பின்னால் இரண்டு அச்சங்கள் இருந்தன. போதையில் இருப்பவர் கவனக்குறைவால் இரகசியத்தை நழுவவிடுவார் என்பது ஒன்று. மறைக்க வேண்டிய பழக்கம் உடையவரை எதிரி மிரட்டிப் பணியவைப்பான் என்பது மற்றொன்று. முதல் அச்சம் போதைப்பொருளைப் பற்றியது. இரண்டாவது அச்சம் மறைத்தலைப் பற்றியது. மறைத்தலுக்குக் காரணமோ, வெளியே சொன்னால் கிடைக்கும் தண்டனை. அதாவது, அரசு எதைக் கண்டு அஞ்சியதோ அதை அரசின் விதியே விளைவித்துக் கொண்டிருந்தது. பிந்தைய காலம் முழுவதும் இந்த முடிச்சைச் சுற்றியே நகர்ந்தது.

அந்த ஆணைக்குச் சரியாக இரண்டு வாரம் முன்னர், ஏப்ரல் 13 அன்று, சி.ஐ.ஏ. இயக்குநர் ஆலன் டல்லஸ் எம்.கே.அல்ட்ரா என்னும் இரகசியத் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்திருந்தார். மனித மனத்தைக் கட்டுப்படுத்த எல்.எஸ்.டி. முதலிய பொருள்களைச் சோதித்துப் பார்ப்பது அதன் நோக்கம். அவ்வாண்டு நவம்பர் 19 அன்று, இராணுவத்தின் உயிரியல் ஆயுத ஆய்வாளர் ஃபிராங்க் ஓல்சனுக்கு அவர் அறியாமலேயே மதுவில் எல்.எஸ்.டி. கலந்து கொடுக்கப்பட்டது. ஒன்பது நாள் கழித்து நியூயார்க் விடுதி ஒன்றின் சன்னலிலிருந்து விழுந்து அவர் இறந்தார். அவருக்குப் போதைப்பொருள் கொடுக்கப்பட்ட செய்தி 1975 வரை குடும்பத்துக்கே தெரியாது. ஊழியரின் போதைப் பழக்கத்தைப் பாதுகாப்புக் குறை என்று அறிவித்த அதே மாதத்தில், ஊழியருக்கே போதைப்பொருளைப் புகட்டும் வழியையும் அரசு திறந்து வைத்திருந்தது.

போதைப்பொருள் தடுப்புப் பணியகத்தை 1930 முதல் 1962 வரை ஆண்ட ஹாரி ஆன்ஸ்லிங்கர் 1961இல் வெளியிட்ட நூலிலும் ஒரு நிகழ்ச்சி வருகிறது. அமெரிக்கப் பேரவையின் செல்வாக்கு மிக்க உறுப்பினர் ஒருவர் மார்ஃபினுக்கு அடிமையாக இருந்தார். செய்தி வெளிப்பட்டால் நாட்டுக்குக் கேடு என்று கருதிய ஆன்ஸ்லிங்கர், அவருக்கு மருந்துக் கடை ஒன்றிலிருந்து தடையின்றி மார்ஃபின் கிடைக்க ஏற்பாடு செய்தார். நூலில் பெயர் இல்லை. பின்வந்த எழுத்தாளர்கள் அவரை ஜோசப் மெக்கார்த்தி என்று அடையாளம் காட்டினர். எளிய எழுத்தருக்கு வேலை நீக்கம் வாங்கித் தந்த அதே பழக்கம், அதிகாரம் உடையவருக்கு அரசின் பாதுகாப்பையே வாங்கித் தந்தது.

ஆணையின் அந்த ஒற்றை வரியால் வீழ்ந்தவர்களில் பலர் தன்பாலீர்ப்பினர். இராணுவ வரைபடத் துறையிலிருந்து 1957இல் நீக்கப்பட்ட வானியலாளர் ஃபிராங்க் கமெனி, பின்னாளில் பிறருக்குச் சொன்ன வாதம் எளியது: ஊரறியச் சொல்லிவிட்ட ஒன்றைக் கொண்டு எவரும் மிரட்ட முடியாது. 1995இல் அரசு அதை ஏற்றுக்கொண்டது. 2009இல் கமெனியிடம் முறைப்படி மன்னிப்பும் கேட்டது. 1953இன் பட்டியலில் ஒரு சொல் இவ்வாறு உதிர்ந்தது. போதைப்பொருள் பட்டியலிலேயே நின்றது. அது குற்றச் செயலாகவும் நீடித்ததால், வெளிப்படையாகச் சொல்வது மட்டும் அதற்கு விடுதலை தரவில்லை.

ஒரு தலைமுறையே விதிக்கு வெளியே

1960களின் இளைஞர்கள் கஞ்சாவை வளாகங்களுக்கும் வரவேற்பறைகளுக்கும் கொண்டுவந்தனர். 1970இல் இயற்றப்பட்ட கட்டுப்படுத்தப்பட்ட பொருள்கள் சட்டம் கஞ்சாவை ஹெராயினுடன் சேர்த்து முதல் அட்டவணையில் வைத்தது. 1971இல் வியட்நாமிலிருந்து திரும்பும் வீரர்களுக்குச் சிறுநீர்ச் சோதனை தொடங்கியது. அரசுக்குத் தேவையான பொறியாளரும் மொழியறிஞரும் படைவீரரும் இந்தத் தலைமுறையிலிருந்தே வர வேண்டியிருந்தது. விதியின் எழுத்தைப் பிடித்துக்கொண்டால் ஆள் கிடைக்காது. விட்டுவிட்டால் விதியே இல்லை.

இந்தக் காலத்தின் நிழலில் விளைந்ததுதான் கிறிஸ்டோபர் பாய்ஸ் வழக்கு. கலிஃபோர்னியாவில் டி.ஆர்.டபிள்யூ. நிறுவனத்தின் ஊழியரான பாய்ஸ், 1974இல் இருபத்தொரு வயதில், உளவுச் செயற்கைக்கோள் செய்திகள் வந்துபோகும் பூட்டிய அறைக்குள் அனுமதிக்கப்பட்டார். இளமை நண்பர் டால்டன் லீ போதைப்பொருள் விற்பவர். அவர் வழியாக இரகசியங்கள் மெக்சிகோ நகரின் சோவியத் தூதரகத்துக்குச் சென்றன. 1977 சனவரியில் இருவரும் கைதாயினர். பாய்ஸுக்கு நாற்பது ஆண்டு, லீக்கு ஆயுள் தண்டனை. அந்த அறையில் இரகசியக் குறியீடுகளை அழிக்க வைத்திருந்த இயந்திரத்தில் ஊழியர்கள் மதுபானம் கலந்து குடித்தது பின்னர் தெரியவந்தது. 1985இல் செனட் துணைக்குழு முன் சாட்சியளித்த பாய்ஸ், தம்மைப் பற்றிய முன்விசாரணை தம் வயது நண்பர்களை எட்டவே இல்லை என்றார்.

பாய்ஸ் வழக்கைப் போதைப்பொருளின் கேடு என்று படிக்கலாம். ஆனால், அவரது பழக்கத்தை எவரும் விசாரித்துத் தள்ளுபடி செய்யவில்லை. எவரும் விசாரிக்கவே இல்லை. விதி கடுமையாக இருந்தது, விசாரணை மெலிந்திருந்தது. கடுமையான விதியும் மெலிந்த விசாரணையும் சேர்ந்த இடத்தில் உண்மை சொன்னவர் வெளியேறினார். வாய் திறவாதவர் உள்ளே போனார்.

நீதிபதி ஒருவரின் பத்து நாள்

1986 செப்டம்பரில் ரீகன் பிறப்பித்த 12564ஆம் ஆணை, கூட்டாட்சிப் பணியிடம் போதைப்பொருள் அற்றதாக இருக்க வேண்டும் என்றது. பணி நேரத்தில் மட்டுமன்றி, பணிக்கு வெளியிலும் ஊழியர் விலகியிருக்க வேண்டும். அந்த ஆணையின் வெப்பம் அடுத்த ஆண்டே அதிபரின் வீட்டு வாசலைத் தொட்டது.

1987 அக்டோபர் 29 அன்று உச்ச நீதிமன்றத்துக்கு டக்ளஸ் கின்ஸ்பர்க்கை ரீகன் முன்மொழிந்தார். சட்டப் பேராசிரியராக இருந்த நாள்களில் அவர் கஞ்சா புகைத்த செய்தியை ஒரு வானொலிச் செய்தியாளர் வெளியிட்டார். முன்விசாரணையில் எஃப்.பி.ஐ.க்குக் கிட்டாதது அது. கின்ஸ்பர்க் ஒப்புக்கொண்டார், நவம்பர் 7 அன்று விலகினார். அவர் அப்போது வகித்து வந்த மேல்முறையீட்டு நீதிபதி பதவி பறிபோகவில்லை. பின்னாளில் அந்நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாகவும் ஆனார். ஒரே மனிதர், ஒரே கஞ்சா. ஒரு நாற்காலிக்குத் தகுதியில்லை, மற்றொன்றுக்குத் தடையில்லை.

அந்த வாரத்திலேயே, அதிபர் வேட்பாளர் போட்டியிலிருந்த அல் கோரும் புரூஸ் பாபிட்டும் தாமும் இளமையில் கஞ்சா புகைத்ததாகச் சொல்லிவிட்டனர். நான்கே ஆண்டு கழித்து, 1991இல், கல்லூரிக் காலத்தில் கஞ்சா புகைத்ததை ஒப்புக்கொண்ட கிளாரன்ஸ் தாமஸ் உச்ச நீதிமன்றம் சென்றார். அவரது நியமன விசாரணையை உலுக்கியது வேறொரு குற்றச்சாட்டு. 1992இல் கிளிண்டன், புகைத்தேன், ஆனால் உள்ளிழுக்கவில்லை என்று சொல்லி நகைப்புக்கு ஆளானார். வெள்ளை மாளிகைக்கும் போனார். மக்கள் வாக்கால் அதிபர் ஆனவருக்குப் பாதுகாப்பு அனுமதி தேவையில்லை. அவருக்குத் தேநீர் கொண்டுவருபவர் முன்விசாரணைக்கு உட்பட வேண்டும்.

இதற்கிடையே, 1988 பிப்ரவரியில் 'கடற்படைத் துறை எதிர் ஈகன்' வழக்கில் வந்த தீர்ப்பு, சாமானியரின் நிலையை வரையறுத்தது. தாமஸ் ஈகன் வாஷிங்டன் மாநிலத்தின் நீர்மூழ்கிக் கப்பல் பழுதுபார்க்கும் தளத்தில் உடலுழைப்புத் தொழிலாளி. அவருக்கு அனுமதி மறுத்த கடற்படை, பழைய தண்டனைகளையும், அவற்றுள் சிலவற்றை விண்ணப்பத்தில் எழுதாததையும் காரணம் காட்டியது. முன்பு தமக்குக் குடிப் பிரச்சினை இருந்தது என்று அவரே சொன்ன வாக்குமூலத்தையும் காரணங்களோடு சேர்த்துக்கொண்டது. பாதுகாப்பு அனுமதி எவருக்கும் உரிமை அன்று என்றது நீதிமன்றம். மறுப்பின் சாரத்தை வெளியார் ஆராயவும் இடமில்லை. சொல்லாததும் குற்றம், சொன்னதும் சுமை என்னும் நிலை ஒரே மனிதரின் கோப்பில் ஒன்றாகப் பதிவானது.

நாள் கணக்கிலிருந்து மனிதக் கணக்குக்கு

1994 பிப்ரவரியில் சி.ஐ.ஏ. அதிகாரி ஆல்ட்ரிச் ஏம்ஸ் கைதானார். மாஸ்கோவுக்கு இரகசியம் விற்றுப் பணம் குவித்தவர். அவரது மிதமிஞ்சிய குடி அலுவலகம் அறிந்த செய்தி. குடி சட்டப்படி குற்றமல்ல. ஆகவே கண்டும் காணாமல் விடப்பட்டது. ஏழு ஆண்டு கழித்துப் பிடிபட்ட எஃப்.பி.ஐ.யின் இராபர்ட் ஹான்சனோ தேவாலயம் தவறாத குடும்பத் தலைவர். பாய்ஸ், ஏம்ஸ், ஹான்சன் மூவரையும் அருகருகே வைத்தால், ஒற்றைப் பழக்கத்தை வைத்துத் துரோகத்தை முன்னறிய முடியாது என்பது தெளிவாகும்.

ஏம்ஸ் வழக்கின் அதிர்ச்சிக்குப் பின், 1995 ஆகஸ்டில் கிளிண்டனின் 12968ஆம் ஆணையும், 1997இல் அனைத்துத் துறைக்கும் பொதுவான தீர்ப்பு நெறிகளும் வந்தன. அவற்றின் நடு அச்சு 'முழு மனிதர்' என்னும் கருத்து. என்ன செய்தார், எத்தனை முறை, எவ்வளவு காலம் முன்பு, அப்போது வயது என்ன, தானாகச் செய்தாரா, திருந்தினாரா, அதை வைத்து மிரட்ட முடியுமா, மீண்டும் செய்வாரா என்று எல்லாவற்றையும் எடைபோட வேண்டும். போதைப்பொருளுக்கு 'எச்' நெறி. நேர்மைக்கு 'இ' நெறி. 'எச்' நெறியில் காலம் ஆற்றும் மருந்து. 'இ' நெறியில் பொய் எளிதில் ஆறாத புண். பாதுகாப்புத் துறையின் விசாரணை அலுவலகம் பெயர்களை நீக்கி வெளியிடும் தீர்ப்புகளைப் படிப்பவருக்கு ஒரு சித்திரம் திரும்பத் திரும்பக் கிடைக்கும்: கல்லூரிக் காலக் கஞ்சா மன்னிக்கப்படுகிறது, முதல் படிவத்தில் 'இல்லை' என்று எழுதி, பின்னர் விசாரணையாளர் எதிரே 'உண்டு' என்றவர் தடுமாறுகிறார்.

பேரவைக்கு இந்த நெகிழ்வு பிடிக்கவில்லை. 2000இல் வந்த ஸ்மித் திருத்தம், ஓராண்டுக்கு மேல் சிறை பெற்றவருக்கும் போதைப்பொருள் பயன்படுத்தி வருபவருக்கும் பாதுகாப்புத் துறை அனுமதி தரவே கூடாது என்று கதவைச் சாத்தியது. இளமையில் தண்டனை பெற்று, பின் நெடுங்காலம் பிழையின்றிப் பணிபுரிந்தவர்களும் அதில் அகப்பட்டனர். 2008இல் பாண்ட் திருத்தம் அந்தத் தண்டனை விதியைத் தளர்த்தியது. பயன்படுத்தி வருபவருக்கான தடையை மட்டும் எல்லாத் துறைக்கும் விரித்தது. 'பயன்படுத்தினார்' என்பதற்கும் 'பயன்படுத்துகிறார்' என்பதற்கும் இடையிலான இலக்கண வேறுபாடு இவ்வாறு சட்டமானது.

எஃப்.பி.ஐ. தனியாக ஒரு கணக்கு வைத்திருந்தது. வாழ்நாளில் பதினைந்து முறைக்கு மேல் கஞ்சா புகைத்தவர் அதன் பணிக்கு ஆகார். பதினான்காம் முறையா, பதினாறாம் முறையா என்று எவர் எண்ணி வைத்திருப்பார்? 2007இல் அந்த எண்ணிக்கை கைவிடப்பட்டது. கடைசி மூன்று ஆண்டு விலகியிருந்தால் போதும் என்றாயிற்று. 2021இல் அதுவும் ஓராண்டாகக் குறைந்தது.

சட்டம் இரண்டாகப் பிளந்தபோது

2012 நவம்பரில் கொலராடோ, வாஷிங்டன் மாநில வாக்காளர்கள் பெரியவர்கள் கஞ்சா பயன்படுத்துவதைச் சட்டப்படி அனுமதித்தனர். கூட்டாட்சிச் சட்டமோ மாறவில்லை. மாநிலக் கடையில் வரி கட்டி வாங்கிய பொருள், கூட்டாட்சிப் படிவத்தில் குற்றமானது. 2014 மே மாதம் எஃப்.பி.ஐ. இயக்குநர் ஜேம்ஸ் கோமி, இணையக் குற்றவாளிகளை எதிர்கொள்ளத் திறமையான இளைஞர்கள் வேண்டும், அவர்களில் சிலரோ நேர்காணலுக்கு வரும் வழியிலேயே கஞ்சா புகைக்க விரும்புகிறவர்கள் என்று வேடிக்கையாகச் சொன்னார். செனட்டில் கண்டனம் எழுந்ததும், விதியை மாற்றப் போவதில்லை என்று பின்வாங்கினார். அவ்வாண்டு அக்டோபரில் தேசிய உளவு இயக்குநர் ஜேம்ஸ் கிளாப்பர், மாநிலச் சட்டம் எதுவாயினும் கூட்டாட்சி நெறி மாறாது என்று சுற்றறிக்கை விடுத்தார்.

2017 சூனில் நடைமுறைக்கு வந்த புதிய நெறிகள் பழைய அமைப்பையே தொடர்ந்தன. நெடுநாள் ஆகியிருந்தால், பழைய கூட்டத்தை விட்டு விலகியிருந்தால், இனித் தொடமாட்டேன், தொட்டால் அனுமதியைப் பறிக்கலாம் என்று கையொப்பமிட்டுத் தந்தால், பழையதைப் பொறுக்கலாம். 2021 மார்ச்சில் வெள்ளை மாளிகை ஊழியர் ஐவர் முன்னாள் கஞ்சாப் பழக்கம் காரணமாகப் பணியில் இல்லை என்று செய்தித் தொடர்பாளர் அறிவித்தார். நேர்மையாகச் சொன்னால் பொறுத்துக்கொள்வார்கள் என்று நம்பி விடையளித்தவர்கள் பாதிக்கப்பட்டதாகச் செய்திகள் கூறின. அவ்வாண்டு டிசம்பரில் உளவு இயக்குநர் ஏவ்ரில் ஹெய்ன்ஸ், முன்பு கஞ்சா பயன்படுத்தியது பொருட்படுத்தத் தக்கது, ஆனால் அது மட்டுமே முடிவைத் தீர்மானிக்கக் கூடாது என்று தெளிவுபடுத்தினார். 2023 நவம்பரில் ஒப்புதல் பெற்ற புதிய படிவம், கஞ்சாவை மற்றப் போதைப்பொருளிலிருந்து பிரித்தது. ஏழு ஆண்டு, அதில் தொண்ணூறு நாளாகச் சுருங்கியது.

இந்தியப் படிவத்தின் கேள்வி

இந்திய அரசுப் பணிக்குத் தேர்வானவர் நிரப்பும் முன்வரலாற்றுப் படிவமும் கைது, வழக்கு, தண்டனை பற்றிக் கேட்கிறது. மறைத்தால் தகுதியிழப்பு என்று எச்சரிக்கிறது. 2011இல் தில்லி காவல்துறைப் பணியாளர் தேர்வு தொடர்பான சந்தீப் குமார் வழக்கில், சமரசமாக முடிந்த பழைய அடிதடி வழக்கொன்றை விண்ணப்பத்தில் மறைத்த இளைஞரை உச்ச நீதிமன்றம் பொறுத்தது. இளமையில் பிழை இயல்பு, வாழ்நாள் முழுதும் குற்றவாளி என்று முத்திரை குத்தலாகாது என்பது அதன் பார்வை. 2016இல் அவ்தார் சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு நெறிகளைத் தொகுத்தது. தரும் தகவல் உண்மையாக இருக்க வேண்டும். அற்ப வழக்கை மறைத்திருந்தால் பணி வழங்குபவர் பொறுக்கலாம். அதோடு மற்றொரு வரியும் உண்டு: உண்மையைச் சொல்லிவிட்டார் என்பதற்காகவே வேலை தந்தாக வேண்டும் என்று பணி வழங்குபவரைக் கட்டாயப்படுத்த முடியாது. வாஷிங்டனின் படிவத்தில் அச்சாகாமல் இருக்கும் அந்த வரியைத் தில்லியின் நீதிமன்றம் வெளிப்படையாகவே எழுதியது.

நம்பிக்கைக்குரியவரைத் தேட ஓர் அரசுக்கு உரிமை உண்டு. இன்று போதையில் உள்ளவர் கையில் இரகசியம் இருக்கலாகாது என்பதில் வாதத்துக்கு இடமில்லை. ஆனால், பதினைந்து முறை என்ற எண்ணையும் ஏழு ஆண்டு என்ற கெடுவையும் எவரும் ஆபத்தை அளந்து கண்டுபிடித்ததாகத் தெரியவில்லை. ஆள் தேவைப்பட்ட போதெல்லாம் அவை இளகின. இளகாமல் நின்றது, பொய் சொல்லாதே என்னும் ஒரே கட்டளை. கட்டளையிடுபவர் உண்மையின் விலையைக் குறைத்த அளவுக்கே உண்மை கிடைத்திருக்கிறது. 1953இல் அந்த விலை முழு வாழ்க்கை. தொண்ணூறு நாள் என்று எழுதிய கை, அந்த விலை அதிகம் என்பதை எழுபது ஆண்டு கழித்து ஒப்புக்கொண்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் உண்மையை எழுதிவிட்டு வீடு திரும்பியவர்களுக்கு, கமெனிக்குக் கிடைத்ததைப் போல ஒரு மன்னிப்புக் கடிதம் வந்ததில்லை.